இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது

டிரங்க் அக்காவைப் போல டிவியைத் திட்டத் தெரிந்த ஒருத்தி இந்தப் பூமியில் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். கோபத்தில் கத்துவதைச் சொல்லவில்லை. அதை யாரும் செய்வார்கள்; என் கணவர் இன்றைக்கும் செய்கிறார். அக்கா திட்டினால் படம் வரும். "இன்னா சோம்பேறித்தனம் உனக்கு? ஒழுங்கா நில்லு!" என்று ஒரு அதட்டல் போட்டு, டிவியின் பின்பக்கத்தில் இருக்கும் திருகை அரை நூல் அளவு திருப்புவாள். அதுவரை மேலே மேலே ஓடிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பாளர் தலைமை ஆசிரியரைக் கண்ட பையன் மாதிரி சட்டென்று நின்றுவிடுவார்.

எண்பதுகளின் கடைசி அது. கல்யாணமான மூன்றாவது வாரம் நான் சிதம்பரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தேன். கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய சந்தில் ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டு. என் கணவர் தாலுகா அலுவலகத்தில் கிளார்க். அவரைத் தவிர அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அவரையே அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தேன். பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: பதினான்கு அங்குலக் கருப்பு வெள்ளை டிவி. பேட்டரியிலும் ஓடும், கைப்பிடி வைத்தது.

பக்கத்துக் குடித்தனத்தில் இருந்தவளை எல்லோரும் டிரங்க் அக்கா என்று கூப்பிட்டார்கள். டிரங்குப் பெட்டி விற்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்து, "பட்டுப் புடவை வைக்க ஒரு பெட்டி வேணுங்க்கா" என்று நான் போய்க் கேட்டுவிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் காலத்தில் வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால், எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர், அடுத்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, இரண்டு முனைகளையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் அப்படி இணைத்துக் கொடுத்தவள் அக்கா. ஊரில் பிறப்பு, இறப்பு, பெண் பார்த்துப் பிடிக்காமல் போனது எல்லாமே முதலில் அவள் காதுக்குத்தான் போகும். வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராது. டிவியைப் பற்றி மட்டும்தான் வாய் திறப்பாள்.

"பொட்டி விக்கிறவ இல்லம்மா நானு. உன் பொட்டியப் பாக்கணும்னா சொல்லு, வர்றேன்" என்றவள், சொல்வதற்குள் வந்துவிட்டாள்.

அப்போது கள்ளக்குறிச்சியில் டிவி பார்ப்பதற்குத் தைரியம் வேண்டும். ஒளிபரப்பு எங்கேயோ தொலைவிலிருந்து தட்டுத் தடுமாறி வந்து சேரும். திரையெல்லாம் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே யாரோ இருவர் பேசிக்கொள்வார்கள்; ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு தொல்லை. எல்லாமே இரட்டையாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் வலது பக்கத்தில், வெளுத்த நிழலாக இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நிற்பார்.

"இன்னா இது, இந்தப் பொண்ணுக்குக் காதுக்குப் பக்கத்துல இன்னொரு காது கீது?" என்றாள் அக்கா.

என் கணவர் எழுந்து நின்றார். டிவி வந்த அன்றே அவர் எல்லாத் திருகுகளையும் ஒரு நிலையில் வைத்து, அந்த நிலை மாறக் கூடாது என்று என் நகப் பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். "எல்லாம் சரியா அளந்து வச்சிருக்கேன், யாரும் தொடக் கூடாது" என்றார்.

"நீங்க அளந்து வச்ச லட்சணந்தான் சார் இது" என்று சொல்லிக்கொண்டே அக்கா எல்லாவற்றையும் திருப்பினாள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை என் கையில் கொடுத்து டிவிக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். பின்பக்கத்தில் உட்கார்ந்து திருகியபடியே கண்ணாடியில் படத்தைப் பார்ப்பாள். அக்காவின் வீட்டில் இருந்த கண்ணாடி அது ஒன்றுதான். அதில் அவள் தன் முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. சிறு வயதில் அம்மை போட்டு, முகம் முழுக்கத் தழும்பு அவளுக்கு.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். ஆள் குள்ளம். ஆன்டெனா கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திருப்பும்போது, கம்பம் அவளைத் திருப்புகிறதா, அவள் கம்பத்தைத் திருப்புகிறாளா என்று சொல்வது கஷ்டம். மேலேயிருந்து ஆபீஸ் குரல் வரும்.

"ஹலோ, படம் கெடைக்குதா?"

"கெடைக்குதுக்கா. ஆனா புள்ளி!"

"லைன்ல இரு... இப்போ?"

"புள்ளி போச்சு, ரெட்டை இருக்கு!"

"லைன்ல இரு, லைன்ல இரு!"

இப்படி அரை மணி நேரம். கடைசியில் புள்ளி குறைந்தது. இரட்டை மட்டும் போகவில்லை. கீழே வந்து மேற்கே பார்த்துக் கையை நீட்டினாள். வீடுகளுக்குப் பின்னால் நீலமாகக் கல்வராயன் மலை தெரிந்தது. "அதான் காரணம். வர்ற படம் நேரா ஒண்ணு வருது, அந்த மலையில மோதித் திரும்பி ஒண்ணு வருது. பின்னாடி வர்றதுதான் நெழலு" என்றாள். என் கணவர் சிரித்தார். ஒரு மலையைக் குற்றம் சொன்ன மெக்கானிக்கை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் போர். அவர் காலையில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவார். மாலையில் அது அழிந்திருக்கும். "அந்தம்மா சொந்தமா ஒரு டிவி வாங்கித் தொலைக்கலாம் இல்ல?" என்று என்னிடம் கத்துவார். இதை அக்காவிடம் பக்குவமாகக் கேட்டேன். "தனியா பாத்தா கொறைய யார்கிட்ட சொல்றது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பகலெல்லாம் அந்த வீட்டில் தனியாக இருந்து, என் குறையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தவள்தானே நானும். அக்கா ஷிப்ட் முடிந்து சந்துக்குள் திரும்பும் செருப்புச் சத்தத்துக்காகக் காது எப்போதும் காத்துக்கொண்டே இருக்கும்.

அக்காவின் குறை என்ன என்பது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. ஒருநாள் மத்தியானம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வர்ற வெள்ளிக்கெயம சாயங்காலம் வசந்தா டிவியில வரா!"

"யாருக்கா வசந்தா?"

"மெட்ராஸ்."

மெட்ராஸ் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் வசந்தா. பதினொரு வருஷமாக இருவரும் ஒருவருக்கொருவர் லைன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போன் காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே கிடைக்கிற நொடிகளில் பேசிப் பேசியே சிநேகம். வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது என்பதால், "கள்ளக்குறிச்சி, சாப்ட்டியாடி?" "மெட்ராஸ், ரசம்தான்" என்று தந்தி மாதிரி ஓடும். வசந்தாவின் தலைவலி, கொழுந்தன் கல்யாணம், மாடிப்படியில் விழுந்தது, புருஷன் போனது, எல்லாம் இப்படித் துண்டு துண்டாகவே அக்காவுக்குத் தெரியும். புருஷன் போன அன்று மட்டும், யாருக்கும் லைன் கொடுக்காமல் நான்கு நிமிஷம் அழுகையைக் கேட்டாளாம். முகம் மட்டும் பார்த்ததில்லை.

"போட்டோ அனுப்பச் சொல்லக் கூடாதாக்கா?"

"நான் கேட்டா அவ என்னுத கேப்பா இல்ல?" என்றாள் அக்கா. பிறகு உடனே குரலை மாற்றிக்கொண்டு, "டிவின்னா நாம பாக்கலாம். அவங்க நம்மளப் பாக்க முடியாது. இன்னா வசதி பாத்தியா?" என்று சிரித்தாள்.

எக்ஸ்சேஞ்ச் ஊழியர்கள் சேர்ந்து பாடும் பாட்டு. வசந்தா இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவது. இதைக் கையில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு அக்கா வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே வந்துவிட்டாள். நல்ல புடவை, தலையில் பூ. ஆன்டெனாவை மூன்று முறை திருப்பினாள். அன்று மட்டும் டிவியைத் திட்டவில்லை. "என் ராசா இல்ல, என் செல்லம் இல்ல" என்று கொஞ்சினாள். எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. திரையில் முப்பது பெண்கள். நிழலைச் சேர்த்தால் அறுபது. "ரெண்டாவது வரிசை... இடமிருந்து மூணு..." என்று அக்கா விரலை வைத்து எண்ணினாள். "நெழலையும் எண்ணணுமா, வுட்டுட்டு எண்ணணுமா?" என்று என்னைக் கேட்டாள். அதற்குள் வோல்டேஜ் இறங்கி, படம் நான்கு பக்கமும் சுருங்கி அஞ்சல் தலை அளவு ஆயிற்று. அது நிமிர்ந்தபோது, காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் சந்தில் தன் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பினார். ஒவ்வொரு உதைக்கும் திரையில் குறுக்கே குறுக்கே கோடு. அக்கா வாசலுக்கு ஓடி, "வண்டிய நிறுத்துங்க! வசந்தா போறா!" என்று கத்தினாள். யாரோ வசந்தா விபத்தில் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்து அவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எல்லோரும் டிவி முன்னால் நின்றபோது, வயலும் உரமும் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள்.

"பாத்தியாடி?" என்று லைனில் வசந்தா.

"பாத்தேன், பாத்தேன். அயகா இருந்த."

"என் மூக்குத்தி தெரிஞ்சுதா?"

"ஏன் தெரியாம? பளிச்சுனு தெரிஞ்சுதே."

"நான் மூக்கே குத்திக்கல" என்றாள் வசந்தா. அடுத்த காலுக்கு லைன் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்கச் 'சாப்ட்டியா' கூட இல்லை.

அக்கா சோறு தின்னாமல் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "பதினோரு வருசத்துல ஒரு பொய் சொன்னதில்ல அவகிட்ட. இப்ப போய்ச் சொல்லிட்டேன். எல்லாம் இந்த மலையால" என்று மேற்கே பார்த்தாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டு மாதத்தில் கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சுக்குத் தானியங்கி இயந்திரம் வரப்போகிறது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் நேராக நம்பரைச் சுற்றிப் பேசிக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் சந்தோஷம். அக்காவுக்கும் வசந்தாவுக்கும் நடுவே இருந்த லைன் அத்தோடு போய்விடும்.

சும்மா இருக்கிற ஆளா அக்கா? நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சிக்கு, அந்தப் பாட்டை மறுபடி போடச் சொல்லி, பன்னிரண்டு அஞ்சலட்டைகள் எழுதிப் போட்டாள். பன்னிரண்டு பேர் பெயரில். காம்பவுண்டில் அத்தனை பெயர் கிடைக்கவில்லை. எட்டாவது அட்டையில் கையெழுத்திட்ட லட்சுமி, வீட்டுக்காரரின் பசு. பதினோராவது அட்டை, 'தீவிர இசை ரசிகன்' என்ற அடைமொழியோடு என் கணவர் பெயரில் போயிருந்தது.

மூன்றாவது வாரம் டிவியில் படித்தார்கள். "கள்ளக்குறிச்சியிலிருந்து பன்னிரண்டு நேயர்கள் எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அழகான கையெழுத்து" என்று சொல்லி, பன்னிரண்டு பெயரையும் வாசித்த அம்மாள் சிரித்தாள். வரும் ஞாயிறு மாலை ஐந்தரைக்குப் பாட்டு மறுபடி உண்டு. என் கணவர் தன் பெயரைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தாலுகா ஆபீஸில் தாசில்தாரே கூப்பிட்டுக் கைகொடுத்தாராம். அதற்குப் பிறகு பெருமை என்று முடிவு செய்துவிட்டார்.

"இந்த வாட்டி கீழ பாக்கப் போறதில்ல. மலை திருப்பி அடிக்குதுன்னா, மலை மேல ஏறி ஒக்காந்துக்கினா எப்படி அடிக்கும்?" என்றாள் அக்கா.

வெள்ளிமலைப் பக்கம் டெலிபோன் கம்பி பார்க்கும் லைன்மேன் சடையன் மலைக்காரர். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதில் நின்றால் கீழே ஊரெல்லாம் தெரியும். அவர் சம்மதித்தார். மைக்செட் கடையில் ஒரு பேட்டரி கேட்டு வாங்கினோம். "டிவியைத் தனியா அனுப்ப முடியாது" என்று என் கணவரும் கிளம்பினார். "நானும் வரேன்" என்றேன். "நீ வராட்டியும் பரவாயில்ல" என்றார். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அக்காவின் மடியில் போர்வை சுற்றிய டிவி. ஏறும் பாதையில் ஒவ்வொரு வளைவிலும், டிவியின் தலையைப் பிடித்து, "பயப்படாத, பயப்படாத" என்றாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லிங்களா?" என்றார். "பார்வை மங்கல்" என்றாள் அக்கா. வளைவுகளில் யாருக்கும் தெரியாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது என் கணவர்தான்.

சடையனின் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட்டோம். அவர் மனைவி சின்னப்பொண்ணு போர்வையை விலக்கிப் பார்த்து, "இத்துனூண்டுப் பொட்டிக்கா இத்தன பேரு வந்தீங்க?" என்று கேட்டாள். சாயங்காலம் பாறை மேல் மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். சுற்றி இருந்த வீடுகளிலிருந்து முப்பது நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். பேட்டரியைக் கொடுத்து அக்கா டிவியைப் போட்டாள்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் டிவி பார்த்ததே இல்லை. ஒரு புள்ளி கிடையாது. நிழல் கிடையாது. அறிவிப்பாளரின் ஜாக்கெட்டில் தையல் தெரிந்தது. என் கணவர் வாயைப் பிளந்து, "புருவம்! புருவம் தெரியுதுடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்து இருபத்தெட்டுக்குப் படம் உருள ஆரம்பித்தது. மெதுவாக மேலே போய், கீழேயிருந்து மறுபடி வந்தது. அக்கா பின்பக்கம் ஓடினாள். பஸ் குலுக்கலில் அந்தத் திருகு உடைந்து விழுந்திருந்தது. ஓட்டை மட்டும் இருந்தது. "இரும்பு வேணாம், உள்ள கரண்டு கீது. மூங்கில் சிம்பு ஒண்ணு குடுங்க!" என்றாள். சடையன் ஒன்றைச் சீவிக் கொடுத்தார். ஓட்டைக்குள் விட்டு லேசாகத் திருப்பினாள். படம் நின்றது. கையை எடுத்தாள். உருண்டது. மறுபடி பிடித்தாள். நின்றது.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. படத்தைப் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் அக்கா, முன்னால் வசந்தா.

"கண்ணாடி! கண்ணாடியப் புடி!" என்று கத்தினாள். பையிலிருந்து எடுத்து எதிரே பிடித்தேன். அவள் உதடு எண்ணிக்கொண்டே போயிற்று. "ரெண்டாவது வரிசை... மூணாவது... இவளா? இவ சின்னப் பொண்ணா கீறா, ரெட்டை ஜடை..."

"அக்கா, கண்ணாடியில இடது வலது மாறிடும்! நீங்க அந்தக் கோடியிலேருந்து எண்ணுறீங்க!"

"அய்யோ!" என்ற பதற்றத்தில் அவள் கை அசைந்தது. முப்பது பெண்களும் பாடிக்கொண்டே வானத்துக்குப் போனார்கள். உட்கார்ந்திருந்த ஜனங்கள் 'ஓ' என்றார்கள்.

அப்போது என் கணவர் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு டிவியைச் சுற்றிப் போய் அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டார். "குடுங்க நான் புடிக்கறேன். நீங்க முன்னாடி போய்ப் பாருங்க" என்றார்.

"சார், அரை நூலு கூட அசையக் கூடாது."

"கோடு போட்டவனுக்குத் தெரியாதா? போங்க சீக்கிரம்!"

அக்கா வந்து திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். என் கணவர் மூங்கில் சிம்பைப் பிடித்துக்கொண்டார். படம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியதே தவிர ஓடவில்லை. இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு தாட்டியான அம்மாள். பெரிய கண்ணாடி, பின்னுக்கு இழுத்து வாரிய தலை, குத்தாத மூக்கு. எல்லோரும் உச்சத்துக்குப் போன இடத்தில், அந்த அம்மாள் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, உதட்டைக் கடித்து, தாங்க முடியாமல் ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று கண்ணை மட்டும் உருட்டினாள்.

"கொட்டாவி வுடறா! பாரு, பாரு, அவதான்! நைட்டு ஷிப்ட்டு முடிச்சிட்டு அப்படியே பாட வந்துக்கிறா!" என்று அக்கா கைதட்டினாள். சின்னப்பொண்ணு சிரித்தாள், பாறை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கன்னத் தழும்புகளில் கண்ணீர் வழி தெரியாமல் எங்கெங்கோ ஓடியது. பாட்டு முடிந்தும், "போயிட்டாங்களா? இனிமே வுடலாமா?" என்று டிவிக்குப் பின்னாலிருந்து என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்தான் எதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை லைன் கிடைத்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "கொட்டாவி." அந்தப் பக்கம் வசந்தா போட்ட சத்தத்தில் மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சே திரும்பிப் பார்த்திருக்கும். சிரித்து முடித்துவிட்டு, "நீ என்னைப் பாத்துட்ட. நான் உன்னை எப்படி பாக்கறது?" என்று கேட்டாள். அக்கா லைனைப் பிடுங்கிவிட்டாள்.

நான்கு நாள் லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். நான் சோறு கொண்டுபோனேன். "என் கொரல மட்டும் கேட்டுட்டு, நான் எப்படியோ இருப்பேன்னு நெனச்சி வச்சிக்கினு கீறா. அத ஏன் கெடுக்கணும்?" என்றாள். எனக்கு இருபத்திரண்டு வயது. "நீங்க அவங்களப் பாத்து ஏதாவது கெட்டுப்போச்சாக்கா?" என்று மட்டும் கேட்டேன். ஐந்தாம் நாள் காலையில் பூட்டு தொங்கியது. மெட்ராஸ் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்ததாகச் சடையன் சொன்னார்.

திரும்பி வந்து அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பஸ் ஏறுவதற்கு முன் வசந்தாவுக்கு லைன் போட்டு, வந்து சேரும் நேரத்தைச் சொல்லியிருந்தாளாம். ஆனால் மெட்ராஸ் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாளாம். கொஞ்ச தூரத்தில் வசந்தா நின்றிருந்தாள். அவளை அக்காவுக்குத் தெரியும், அக்காவை அவளுக்குத் தெரியாது. அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கலாம். கால் மணி நேரம் ஆயிற்று. வசந்தா, இறங்குகிற பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "நீங்க கள்ளக்குறிச்சியாம்மா? நீங்க கள்ளக்குறிச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி பைத்தியம் என்று நினைத்து விலகினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"கள்ளக்குறிச்சி பேசறேன்" என்றாள்.

வசந்தா குனிந்து பார்த்தாளாம். நன்றாக, நிதானமாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாளாம்.

"ஏண்டி, இவ்ளோ குள்ளமா நீ?" என்றாளாம்.

"அவ்ளோதான் கேட்டா. வேற ஒண்ணுமே கேக்கல" என்று சொல்லி முடித்துவிட்டு, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அன்று நான்கு தோசை சாப்பிட்டாள் அக்கா.

இயந்திரம் வந்ததும், ஆபரேட்டர்களுக்கு எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா மெட்ராஸ் என்று எழுதிக் கொடுத்தாள். வசந்தா வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை, அவ்வளவுதான் அவள் சாமான். என் கணவர் சுமந்துகொண்டு பஸ் நிலையம் வரை வந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதைச் சாப்பிடு, இதைத் தூக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ் திரும்பும்வரை ஜன்னலிலிருந்து அவள் கை வெளியே தெரிந்தது. முதல் வருஷம் கடிதம் வந்தது. பிறகு எங்களுக்கும் மாற்றல், அவர்களும் வீடு மாறினார்கள், எப்படியோ விட்டுப்போயிற்று. விசாரித்துப் பார்த்திருக்கலாம். இன்னும் விசாரிக்கலாம். வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குக் கூடப் பிறந்த அக்கா ஒருத்தி உண்டு. பதினெட்டு வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறோம், இன்றும் தினமும் பேசிக்கொள்கிறோம். டிரங்க் அக்காவோடு நான் இருந்தது ஒன்றரை வருஷம்கூட இருக்காது. ஆனாலும், தெருவில் யாராவது யாரையாவது "அக்கா" என்று கூப்பிட்டால், சட்டென்று எனக்கு யார் நினைவு வருகிறது என்பதை, இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிக்கும் என் கூடப் பிறந்தவளிடம் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.